எந்தப் பத்து நிமிடத்துக்கு மோட்டார்? தினசரி மின் ரோடு சைக்கிளுக்கு ஐந்து வழிகள்

"தினமும் போக 15 கிலோமீட்டர், வர 15. நடுவில் ஒரு மேடு. மின் ரோடு சைக்கிள் வாங்கலாம் என்றால், பின்சக்கரத்தில் மோட்டாரா, பெடல் பக்கம் மோட்டாரா என்று குழப்பமாக இருக்கிறது." கொஞ்சம் முன்னே பின்னே மாறி இதே கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் விவரக் குறிப்புகளை மனப்பாடமாகச் சொல்வார்கள்: இது 40 நியூட்டன் மீட்டர் (மோட்டாரின் திருகு விசையின் அளவு), அது 60. அந்த மேட்டை ஏற எத்தனை நிமிடம் ஆகிறது, சைக்கிள் இரவில் எங்கே நிற்கிறது என்று திருப்பிக் கேட்டால்தான் யோசிக்கத் தொடங்குவார்கள். என் கணக்கில் தேர்வை முடிவு செய்வது இந்த இரண்டும்தான்.

ரோடு சைக்கிள் என்று இங்கே நான் சொல்வது ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், மெலிந்த டயர், முன்னால் சாய்ந்து உட்காரும் அமைப்பு கொண்ட வண்டியை. மின் என்பது பெடலை மிதிக்கும்போது மட்டும் கூட வந்து தள்ளும் மோட்டார். கைப்பிடியைத் திருகினால் ஓடுகிற வண்டி வேறு வகை, அதை விட்டுவிடுவோம்.

## எதை வைத்து அளப்பது

கீழே வரும் கணக்கெல்லாம் ஆளும் சைக்கிளும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துப் போட்டது. உங்கள் எடைக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

வேக வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சைக்கிளாகக் கருதப்படும் மின் சைக்கிளின் மோட்டார் தொடர்ந்து தரக்கூடிய சக்தி 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிட வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் முதல் வகுப்புக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர். மின் ரோடு சைக்கிள்களின் மோட்டார்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வரம்பை மனதில் வைத்தே உருவானவை.

இந்த 25 என்ற எண்ணைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்றில்லாத சமதளத்தில், வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்து 25 கிலோமீட்டரில் போக ஏறக்குறைய 110 வாட் போதும். ஓரளவு பழகிய கால்களுக்கு அது பெரிய வேலையில்லை. 30 கிலோமீட்டரில் போக 170 வாட் வரை வேண்டும். ஆக உண்மையிலேயே மூச்சு வாங்கும் இடத்தில் மோட்டார் கையை விரித்துவிடுகிறது. உங்கள் வழி முழுக்கச் சமதளம், நீங்கள் ஏற்கெனவே 28, 30 இல் போகிறவர் என்றால், மோட்டார் பெரும்பாலான நேரம் சும்மா வரும் பயணி.

மேடு. 6 சதவீதச் சரிவில் 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 200 வாட்டுக்கு மேல் வேண்டும். 100 வாட்தான் தர முடியும் என்றால் வேகம் பாதியாகிவிடும். மோட்டாரின் தேவை இங்கேதான் தெரிகிறது.

நின்று கிளம்புவது. சிக்னலில் நின்று 8 நொடியில் 22 கிலோமீட்டர் வேகத்துக்கு வர, அந்த 8 நொடியும் சராசரியாக 220 வாட் உழைப்பு. ஒரு முறை என்றால் ஒன்றுமில்லை. முப்பது சிக்னல் என்றால் மாலையில் முழங்கால் கணக்குக் கேட்கும். ஆனால் மின்சாரத்தில் பார்த்தால் ஒரு கிளம்பலுக்கு அரை வாட்-மணிதான் (ஒரு வாட் சக்தி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் ஆற்றல் ஒரு வாட்-மணி) செலவு. நகரத்துக்குள் ஓட்டுபவருக்குப் பெரிய பேட்டரி தேவையில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

சைக்கிள் தூங்கும் இடம். படிக்கட்டு ஏற்ற வேண்டுமா, பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா?

பஞ்சரும் தேய்மானமும். வாங்கும்போது யாரும் கேட்காதது, வாங்கிய பிறகு எல்லோரும் கேட்பது.

## 1. பின்சக்கர ஹப் மோட்டார்

பின்சக்கரத்தின் நடுவில் ஒரு சின்ன டப்பா. பேட்டரி ஃபிரேமின் கீழ்க்குழாய்க்குள் ஒளிந்திருக்கும். மாலே நிறுவனத்தின் எக்ஸ்35 மோட்டார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 40 நியூட்டன் மீட்டர், சுமார் 250 வாட்-மணி பேட்டரி, எல்லாம் சேர்த்து 3.5 கிலோ. முழு சைக்கிளும் 12, 13 கிலோவில் முடிந்துவிடும். தள்ளி நின்று பார்த்தால் சாதாரண ரோடு சைக்கிள் போலவே இருக்கும். (2016 ஜனவரியில் பெல்ஜியத்தின் சோல்டரில் நடந்த சைக்ளோகிராஸ் என்ற கரடுமுரடான பாதை சைக்கிள் பந்தயத்தின் உலகப் போட்டியில் ஒரு சைக்கிளின் ஃபிரேமுக்குள் மோட்டார் ஒளித்து வைத்திருந்ததைப் பிடித்தார்கள். அங்கே அது மோசடி. இங்கே அதையே வடிவமைப்பின் அழகு என்று விற்கிறார்கள்.)

நல்ல பக்கம்: மோட்டாரின் சக்தி நேராகச் சக்கரத்துக்குப் போகிறது, செயின் வழியாகப் போவதில்லை. உங்கள் கால் தரும் சக்தியை மட்டுமே செயின் சுமப்பதால், தேய்மானம் சாதாரண சைக்கிள் அளவில்தான் இருக்கும். 25ஐத் தாண்டி மோட்டார் நின்ற பிறகு, உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் அதைச் சக்கரத்திலிருந்து விடுவித்துவிடும். பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போன்ற உணர்வு கிட்டத்தட்ட இருக்காது.

கெட்ட பக்கம் செங்குத்தான மேட்டில் தெரியும். ரோடு சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றில் 2.1 மீட்டர் போகும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று. 10 சதவீத மேட்டில் 7 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் 55 சுற்று. ஹப் மோட்டாருக்கு கியர் மாற்றும் வசதி கிடையாது. 200 சுற்றில் நன்றாக வேலை செய்யும்படி அமைத்ததை 55 சுற்றில் திணறவிட்டால், மின்சாரத்தில் பெரும் பங்கு சூடாகிப் போகும். சூடு அளவு மீறினால் மோட்டாரே உதவியைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நிமிட மேட்டில் இதை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். இருபது நிமிட மலைச்சாலையில் நிச்சயம் கவனிப்பீர்கள்.

அப்புறம் பஞ்சர். மோட்டார் உள்ள பின்சக்கரத்தைக் கழற்ற ஒயர் இணைப்பைப் பிரிக்க வேண்டும். சில வண்டிகளில் அச்சு நட்டைக் கழற்ற தனி ஸ்பேனரும் வேண்டும். ஒருமுறை மழையில் எனக்குப் பின் டயர் போனது. மாற்று டியூப் இருந்தது, பம்பு இருந்தது. அந்த ஸ்பேனர் மட்டும் வீட்டு அலமாரியில். அன்றைக்கு 4 கிலோமீட்டர் நடை. அதன் பிறகு அது சீட்டுக்கு அடியில் உள்ள பையை விட்டு இறங்கியதே இல்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: உள்ளே இருக்கும் சென்சார் எது? பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இருந்தால், நீங்கள் மெதுவாக மிதித்தாலும் அழுத்தி மிதித்தாலும் மோட்டார் ஒரே மாதிரிதான் தள்ளும். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அளக்கும் டார்க் சென்சார் இருந்தால், உங்கள் கால் இரண்டு மடங்கு வலுவானது போல இருக்கும். நெரிசலில், நடந்து போகிறவர்களுக்கு நடுவில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் வசதியைப் பற்றியது மட்டுமில்லை, பாதுகாப்பும்கூட. எக்ஸ்35இல் முதல் வகை. அதற்குப் பின் வந்த எக்ஸ்20இல் டார்க் சென்சார் சேர்த்தார்கள். 40, 60 என்று நியூட்டன் மீட்டரை ஒப்பிடுவதைவிட இந்த ஒரு கேள்விக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

எப்போது இது சரி: சமதளம் அதிகம், மேடுகள் குட்டை, சிக்னல் நிறைய, வண்டியைத் தூக்கவும் வேண்டும்.

## 2. பெடல் பக்கம் இலகு மோட்டார்

கிராங்க், அதாவது பெடல்களைத் தாங்கும் கைகள், இருக்கும் இடத்திலேயே மோட்டார். எடுத்துக்காட்டு டிக்யூ நிறுவனத்தின் ஹெச்பிஆர்50: மோட்டார் மட்டும் 1.85 கிலோ, 50 நியூட்டன் மீட்டர், 360 வாட்-மணி பேட்டரி. ஃபசுவா ரைடு 60 என்றால் 60 நியூட்டன் மீட்டர், 430 வாட்-மணி. மொத்தக் கூடுதல் எடை 4 கிலோ சுற்றுவட்டாரம்.

மேலே சொன்ன 55 சுற்று பிரச்சினை இங்கே இல்லை. மோட்டார் செயினுக்கு முன்னால் இருப்பதால் உங்கள் கியர் அதற்கும் கியர். மேட்டில் கியரை இறக்கினால் உங்கள் கால்கள் ஒரு நிமிடத்தில் 70 சுற்று சுற்றும், மோட்டாரும் தனக்குப் பிடித்த வேகத்தில். 10 சதவீதமோ 15 சதவீதமோ, அது மூச்சுத் திணறாது. எடை வண்டியின் நடுவில் தாழ்வாக இருப்பதால் வளைவில் சைக்கிள் இயல்பாகச் சாயும். பின்சக்கரம் சாதாரணச் சக்கரம். பஞ்சர் ஒட்டுவது பழைய பழக்கம்தான். டார்க் சென்சார் இந்த வகையில் கிட்டத்தட்ட எப்போதும் உண்டு.

இதற்கான விலையைச் செயின் கொடுக்கிறது. உங்கள் 120 வாட், மோட்டாரின் 150 வாட் என்றால் செயின் மேல் 270 வாட். செயின், பின்பக்கப் பல்சக்கரங்கள் எல்லாம் சீக்கிரம் தேயும். அதிலும் மோட்டார் இருக்கிறதே என்று பெரிய கியரிலேயே கிளம்புகிற பழக்கம் வந்துவிட்டால் இன்னும் சீக்கிரம். செயின் நீண்டிருக்கிறதா என்று பார்க்கும் சின்ன அளவுகோல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, செயினை மட்டும் காலத்தில் மாற்றினால் பல்சக்கரங்கள் தப்பும்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு ஃபிரேம். இந்த மோட்டார்களுக்கான இடம் ஃபிரேமோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. பத்து ஆண்டு கழித்து அந்த மோட்டார் கிடைக்கவில்லை என்றால் வேறொரு நிறுவனத்தின் மோட்டாரை அதில் திணிக்க முடியாது. ஹப் மோட்டார் செத்தால், மோசமான நிலையில்கூட, சாதாரணப் பின்சக்கரம் ஒன்றை மாட்டிக்கொண்டு ஓட்டிவிடலாம்.

எப்போது இது சரி: ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் ஏற்றம் உண்டு, அல்லது வாரநாளில் வேலைக்கும் விடுமுறையில் மலைச்சாலைக்கும் ஒரே வண்டி. இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் எனக்குப் பிடித்தது இதுதான். பிடித்தது என்பதற்கும் தேவை என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் வேறு விஷயம்.

## 3. முழுச் சக்தி மோட்டார், நேர் ஹேண்டில்பார்

பாஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ், ஷிமானோ இபி8 ரகம்: 85 நியூட்டன் மீட்டர், மோட்டாரே 3 கிலோவுக்குப் பக்கத்தில். சைக்கிள் மொத்தம் 18 முதல் 25 கிலோ. இதை ரோடு சைக்கிள் என்று சொல்ல முடியாது. இருந்தும் பட்டியலில் வைக்கக் காரணம், ரோடு சைக்கிள் தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது இதுதான் என்பது என் சந்தேகம். பின்னால் குழந்தை இருக்கை, இருபது கிலோ சாமான், நிமிர்ந்து உட்கார வேண்டும், வியர்க்கக் கூடாது என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

நிமிர்ந்து உட்கார்வதற்கு ஒரு வரி உண்டு. 25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்த உடம்பு, குனிந்த உடம்பைவிட 35, 40 வாட் கூடுதலாகக் காற்றுக்குக் கொடுக்கிறது. மோட்டார் ஓடும்வரை அதை அது பார்த்துக்கொள்ளும். பேட்டரி தீர்ந்த அன்று நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள், 25 கிலோவோடு சேர்த்து. வீடு மேல்மாடியில் என்றால் இந்த வழியை இப்போதே கோடு போட்டு அடித்துவிடலாம்.

## 4. இருக்கும் சைக்கிளில் மோட்டார் பொருத்துவது

நல்ல ரோடு சைக்கிள் வீட்டில் நிற்கும்போது புதியது எதற்கு என்று தோன்றுவது நியாயம்தான். மூன்று விதமாகச் செய்கிறார்கள்: முன்சக்கரத்தில், பின்சக்கரத்தில், அல்லது பாஃபாங் பிபிஎஸ்02 போல கிராங்க் இருக்கும் இடத்தில்.

முன்சக்கரத்தில் மோட்டார் வைத்தால் அச்சு தன் இடத்திலேயே எதிர்ப்பக்கமாகச் சுழலப் பார்க்கும். அந்தத் திருகலைத் தாங்க ஃபோர்க்கின் நுனி எஃகாக இருந்து, திருகலைத் தடுக்கும் தனிக் கம்பியும் போட்டிருந்தால் சரி. கார்பன் ஃபோர்க்கில் வேண்டவே வேண்டாம்; அது வளைந்து எச்சரிக்காது, ஒரேயடியாக உடையும். உடைந்தால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். கிராங்க் இடத்து மோட்டார்கள் பெரும்பாலும் கிராங்க் அச்சு உட்காரும், மரை போட்ட 68 மில்லிமீட்டர் கூடுக்கு அமைந்தவை. புதிய கார்பன் ஃபிரேம்களில் பலவற்றில் அழுத்திப் பொருத்தும் கூடு இருப்பதால் அப்படியே உட்காராது. ஆகப் பழைய எஃகு ஃபிரேம் வைத்திருப்பவருக்குத்தான் இந்த வழி உண்மையில் திறந்திருக்கிறது.

அதிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். தண்ணீர் பாட்டில் மாட்டுவதற்கென்று போட்ட இரண்டு சின்ன போல்ட்டுகளில் 3 கிலோ பேட்டரி தொங்கப் போகிறது. பழைய விளிம்பு பிரேக்குகள், கூடிய எடையை மழையில் நிறுத்த வேண்டியிருக்கும். பேட்டரியைத் தெரியாத இடத்தில் வாங்குவது மட்டும் கூடாது. மின் சைக்கிள் பேட்டரித் தீ விபத்துகளுக்குப் பிறகு நியூயார்க் நகரம் 2023 முதல், விற்கப்படும் பேட்டரிகளுக்கு யுஎல் 2271 என்ற பாதுகாப்புச் சான்றைக் கட்டாயமாக்கியது. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அந்த எண்ணைப் பேட்டரியின் மேல் தேடுங்கள்.

எப்போது இது சரி: எஃகு ஃபிரேம், டிஸ்க் பிரேக் அல்லது நல்ல நிலையில் உள்ள பிரேக், கையில் கருவி பிடிக்கும் ஆசை. மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் போதாது.

## 5. மோட்டாரே வேண்டாம் என்றால்

இதை யாரும் விற்க மாட்டார்கள் என்பதால் நான் சொல்லி வைக்கிறேன். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று ஒன்றுக்கு ஒன்று கியர் இருந்தால், 6 சதவீத மேட்டில் 100 வாட்டோடு 6 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு ஏறிவிடலாம். டயரை 25 மில்லிமீட்டரிலிருந்து 32க்கு மாற்றினால் மோசமான சாலையின் அசதி கணிசமாகக் குறையும். மேடு மூன்றே நிமிடம்தான் என்றால் முதலில் இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கூடும் எடை | நீண்ட மேடு | தொந்தரவு தரும் இடம் |
|---|---|---|---|
| பின்சக்கர ஹப் | 3 முதல் 4 கிலோ | சூடாகித் தளரும் | பின் டயர் பஞ்சர் |
| பெடல் பக்க இலகு மோட்டார் | 4 கிலோ அளவில் | நன்றாக ஏறும் | செயின் தேய்மானம், பின்னாளில் உதிரி |
| முழுச் சக்தி | சைக்கிளே 18 முதல் 25 கிலோ | மிக எளிது | படிக்கட்டு |
| பொருத்திக்கொள்வது | 4 முதல் 7 கிலோ | மோட்டார் இடத்தைப் பொறுத்தது | ஃபோர்க், பிரேக், பேட்டரி தரம் |
| மோட்டார் இல்லை | இல்லை | மெதுவாக | கால் |

## பேட்டரி: எல்லா வழிக்கும் பொதுவான தலைவலி

எவ்வளவு பெரியது வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 15 கிலோமீட்டர் 40 நிமிடம், மோட்டார் சராசரியாக 80 வாட் தருகிறது, இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 100 வாட் போகிறது: ஒரு வழிக்கு 67 வாட்-மணி. போக வர 134. ஆக 250 வாட்-மணி பேட்டரி கிட்டத்தட்ட இரண்டு நாளைக்கு வரும். மலைக்கு வேறு கணக்கு: 1,000 மீட்டர் உயரம் ஏற 95 கிலோவுக்கு ஏறக்குறைய 260 வாட்-மணி ஆற்றல், பாதியை மோட்டார் சுமந்தால் பேட்டரியில் 160 போகும். அலுவலகத்துக்குப் போய் வர 500, 600 வாட்-மணி சுமப்பது, பக்கத்துத் தெருவுக்குப் போக மூட்டை முடிச்சு கட்டுவது மாதிரி.

கழற்றக்கூடியதா, ஃபிரேமுக்குள் மூடியதா? மூடியது இலகுவாக இருக்கும். பேட்டரியைக் கழற்றி எடுக்கக் கீழ்க்குழாயில் பெரிய ஓட்டை போட்டால் அதை ஈடுகட்டக் குழாய் தடிமனாக வேண்டும். ஆனால் மூடியதைச் சார்ஜ் செய்ய முழு சைக்கிளும் பிளக்குக்குப் பக்கத்தில் வர வேண்டும். சைக்கிளைக் கீழே பூட்டி வைத்துவிட்டு மேலே வசிப்பவருக்கு இது ஒன்றே முதல் வழியையும் இரண்டாம் வழியையும் மாற்றிப் போட்டுவிடலாம்: ஃபசுவா ரைடு 60இல் கழற்றக்கூடிய வகையும் உண்டு, எக்ஸ்35 பேட்டரி உள்ளேயேதான்.

இன்னும் சில. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணப் பையில் ஏற்ற மாட்டார்கள். ஆக சைக்கிளோடு பறந்து போய் வேறு மலையில் ஓட்டும் கனவு இருந்தால் அதை மறந்துவிடுங்கள். உறைபனிக் குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது. பல வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் விட்டுவைப்பது நல்லது. 500 முழுச் சுற்றுக்குப் (முழுதாகச் சார்ஜ் செய்து தீர்ப்பது ஒரு சுற்று) பிறகு கொள்ளளவு 80 சதவீதம் அளவுக்கு இறங்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே சொன்ன பயணத்துக்கு நாளொன்றுக்கு அரைச் சுற்றுதான் ஆகிறது. ஆக ஆயிரம் வேலைநாள், சுமார் நான்கு ஆண்டு.

நான்கு ஆண்டு கழித்து அதே பேட்டரியைச் செய்ய ஆள் இருப்பார்களா? 2023 ஜூலையில் நெதர்லாந்தின் வான்மூஃப் நிறுவனம் திவாலானபோது அதன் மின் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு உதிரிபாகக் கவலை மட்டுமில்லை, நிறுவனத்தின் சர்வர் நின்றால் செயலி வழியாகப் பூட்டைத் திறக்க முடியாமல் போகுமோ என்ற பயமும் வந்தது. பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவியைத் தனியாக இறக்கி வைத்துக்கொள்ள உதவும் செயலியை ஒரு போட்டி நிறுவனம் வெளியிட்டது. பின்னர் வேறொருவர் நிறுவனத்தை வாங்கினார், சரி. ஆனாலும் பல நிறுவனங்களின் சைக்கிள்களில் பயன்படும் மோட்டாரை நான் விரும்புவது இதனால்தான். செயலி இல்லாமல் மோட்டாரை இயக்க ஒரு பொத்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## கடையில் ஓட்டிப் பார்க்கும்போது

பெரும்பாலானோர் மோட்டாரை உச்சத்தில் வைத்து ஒரு சுற்று போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். அந்தச் சுற்று எதையும் சொல்லாது. மோட்டாரை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு குறைந்த உதவியில் வைத்து, நடக்கும் வேகத்தில் ஒரு யூ திருப்பம் போடுங்கள். பெடலை லேசாகத் தொட்டதும் சைக்கிள் துள்ளினால் அது சென்சாரின் குணம், பழகினாலும் போகாது. பின்சக்கரத்தை எப்படிக் கழற்றுவது என்று உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் பாருங்கள். கடைசியாக உங்கள் பை, பூட்டு, தண்ணீர் எல்லாம் மாட்டி, சைக்கிளைத் தோளில் போட்டு, உங்கள் வீட்டில் எத்தனை படியோ அத்தனை படி ஏறிப் பாருங்கள்.